ஹோபர்ட் ஸ்லோனின் இரண்டு பெட்டிகள்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஹோபர்ட் ஸ்லோனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று 1986 பிப்ரவரிக்கு முன்னால் யாராவது என் வாசலுக்கு வந்திருந்தால், நல்ல திட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஆறு வருஷமாக அந்த மனுஷனுடைய குரல் என் டி.வி. பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு தொடர் பார்ப்பேன். அதில் ஒரு பெண், தன் குழந்தைக்கு அப்பன் யார் என்று சொல்ல வாயைத் திறப்பாள். திறந்தால் ஹோபர்ட் பேசுவார்: "நாலு, லோடு, இறங்கறான், காலி வண்டி ஒதுங்கு." அந்தக் குழந்தைக்கு அப்பன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் பெயர் ஓபல். கெண்டக்கியின் கிழக்கு மலையில், லிண்டன் ஓடைக் கரையில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் டென்சில் நிலக்கரி லாரி ஓட்டுகிறார். மலை உச்சியில் கரி வெட்டுகிற இடத்திலிருந்து கீழே ரயிலில் ஏற்றுகிற இடம்வரை ஒன்பது மைல் மண் ரோடு. ஒரு லாரிதான் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் ஒதுங்க அங்கங்கே ஒரு வெட்டு. கீழேயிருந்து எண்ணி, ஒவ்வொரு மைலுக்கும் மரத்தில் எண் எழுதிய பலகை அடித்திருக்கும். பலகையைத் தாண்டும்போது டிரைவர், பேசவும் கேட்கவும் முடிகிற வண்டி ரேடியோவில் எண்ணைச் சொல்ல வேண்டும். லோடு வண்டிக்குக் காலி வண்டி ஒதுங்க வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எண்ணைச் சொல்லாமல் ஓட்டினவனுக்கு அடுத்த நாள் கடையில் யாரும் காபி ஊற்ற மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஹோபர்ட்டும் அந்த ரோட்டில் பதினேழு வருஷம் லாரி ஓட்டியவர். 1979இல் சங்கிலி அறுந்து இரும்புத் தூண் ஒன்று முதுகில் விழுந்தது. பிழைத்ததே பெரிசு. அதற்குப் பிறகு கைத்தடி இல்லாமல் பத்தடி நடக்க முடியாது. உட்கார்ந்தே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர் பெண்டாட்டி வெர்டா பயந்தாள். அவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஐம்பதடிக் குழாயை நட்டு, உச்சியில் ஏரியலைக் கட்டி, சமையலறைக்குப் பக்கத்து அறையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குழாயைத் தூக்கிக் கட்ட டென்சிலும் போனார். பிற்பாடு என் டி.வி.க்கு வந்த கேட்டுக்கு என் வீட்டுக்காரரும் உடந்தை.

மலைக்கு நடுவே ஒரு முதுகு ஓடுகிறது. அந்தப் பக்கம் இருக்கும் லாரிக்கு இந்தப் பக்கத்து லாரி சொல்வது கேட்காது. ஹோபர்ட்டின் ஏரியல் உயரத்தில் இருப்பதால் அவருக்கு இரண்டு பக்கமும் காதில் விழும். காலை ஐந்தரையிலிருந்து கடைசி லாரி இறங்கும்வரை, இங்கே சொன்னதை அங்கேயும் அங்கே சொன்னதை இங்கேயும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார். ரேடியோவில் யாரும் சொந்தப் பெயரில் பேசுவதில்லை. மீசைக்காக அவருக்குக் கெளுத்தி என்று பெயர். சோள ரொட்டியை மோரில் பிசைந்து மூன்று வேளையும் தின்பதால் என் வீட்டுக்காரருக்கு மோர்க்காரன். கெளுத்தி உட்கார்ந்த பிறகு அந்த ரோட்டில் இரண்டு லாரி முட்டிக்கொண்டதே இல்லை. அவருக்கு யாரும் இதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஹோபர்ட் அமைதியான அறையில் உட்கார்ந்திருக்கிறார். லாரிக்காரன் முணுமுணுத்தாலும் அவருக்குக் கேட்கும். லாரிக்காரனோ எஞ்சின் இரைச்சலுக்குள் இருக்கிறான். அவன் காதில் விழ வேண்டுமானால் ஹோபர்ட் உரக்க வர வேண்டும். சட்டப்படி இந்த ரேடியோவுக்கு நாலு வாட்டுதான். நாலு வாட்டு மலை முதுகைத் தாண்டினாலும் அந்த இரைச்சலைத் தாண்டாது. ஆகவே குரலைப் பெருக்கிக் கொடுக்கிற பெட்டி, ஆம்ப்ளிஃபையர், வேண்டும். அது தப்பு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் வந்து பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் எங்கள் பக்கம் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி எவனுக்கும் கடிதம் போடும் பழக்கம் இல்லை. நேரே போய் முகத்துக்கு முகம் திட்டிவிட்டு, கையில் பீன்ஸ் ஜாடி ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

முதலில் அவரிடம் இருந்தது வால்வுப் பெட்டி. நாலு கண்ணாடி வால்வு, மேலே ஓட்டை ஓட்டையாய்த் தகரம், முன்னால் இரண்டு திருகு. வீட்டுக் கரண்டில் ஓடும். போட்டவுடன் பேச முடியாது. வால்வு சூடேற ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும். பிறகு மீட்டர் முள் சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டே இரண்டு திருகையும் இப்படியும் அப்படியும் திருப்பி ஏரியலோடு இசைவு கூட்ட வேண்டும். பனிக்காலத்தில் அந்த அறையில் அடுப்பே வேண்டாம். வெர்டா ரொட்டி மாவைப் பாத்திரத்தோடு அதன் தலையில் வைத்துவிடுவாள். புஸ்ஸென்று உப்பி வரும். வெர்டாவைப் பொறுத்தவரை அந்தப் பெட்டியைச் செய்தவன் மாவுக்காகத்தான் செய்தான்.

1985 இலையுதிர் காலத்தில் வால்வுகள் தளர்ந்துவிட்டன. மேலே இருந்தவர்கள், கெளுத்தி வாயில் காலுறையைத் திணித்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறது என்றார்கள். அவர்களுக்கு அது கேலி, ஹோபர்ட்டுக்கு இல்லை. எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, ஓபலு, என் குரல் மேலே எட்டலேன்னா நான் எதுக்கு, சும்மா முதுகு ஒடிஞ்ச ஒரு கிழவன்தானே என்றார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. அதைக் காட்டிக்கொள்ளாமல் அவர் கோப்பையில் இன்னும் காபி ஊற்றினேன்.

புது வால்வு வாங்குவதா, இல்லை டிரான்சிஸ்டர் பெட்டிக்கு மாறுவதா? அந்தக் குளிர்காலம் முழுக்க இதே பேச்சு. கடையில், சர்ச் வாசலில், சாவு வீட்டில்கூட. டென்சில் டிரான்சிஸ்டர் கட்சி. போட்டவுடன் பேசலாம், லாரி பாட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் கவலை இல்லை, திருகுகிற வேலை கிடையாது என்பார். க்ளெல் ராட்லிஃப் என்று இன்னொரு லாரிக்காரன், வால்வுக் கட்சி. டிரான்சிஸ்டர் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி, ஒரு சின்னக் குறை வந்தாலும் கோபித்துக்கொண்டு செத்துப்போகும். வால்வு நம்மைப் போல, அடியும் வாங்கும் வேலையும் செய்யும் என்பான். ஏரியலில் ஏதாவது கோளாறு இருந்தால், வெளியே போக வேண்டியதெல்லாம் பெட்டிக்குள்ளேயே திரும்பி வரும். வால்வு சிவந்து சூடாகும், ஆனால் பொறுத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். ஹோபர்ட் என்னையும் விடவில்லை. உன் டி.வி.தானே, நீயே சொல்லு என்றார். இரண்டையும் ஓடையில் போடுங்கள் என்று சொன்னேன்.

ஜனவரியில் சந்தையில் யாரோ ஒருவனிடம் தன் வேட்டைத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். செங்கல் இரண்டை அடுக்கின அளவுதான் இருக்கும். லாரி பாட்டரியை மேஜைக்கடியில் வைத்து மாட்டினார். கெளுத்தி இப்போது கன்னத்தில் அறைகிற மாதிரி கேட்கிறது என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். மனுஷன் முகத்தில் பத்து வயசு குறைந்துவிட்டது. வால்வுப் பெட்டி சாமான் அறைக்குப் போயிற்று, அதன்மேல் உருளைக்கிழங்கு மூட்டை ஏறியது. வெர்டா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. என் டி.வி.யிலோ முன்பு குரல் மட்டும்தான். இப்போது படமும் கோடு கோடாய் ஓட ஆரம்பித்தது. போய்ச் சண்டை போட்டேன். பீன்ஸ் ஜாடி ஒன்றுக்கு இரண்டாய் வந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ரேடியோ வைத்திருக்கிறவன் எவனும், வானம் இருண்டால் முதல் வேலையாக ஏரியல் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி, அதன் நுனியைக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டுவிடுவான். இடி விழுந்தால் ஜாடியோடு நின்றுவிடும், வீட்டுக்குள் வராது என்று நம்பிக்கை. நின்றதை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஊறுகாய் தீர்ந்த ஜாடி ஒன்று ஒவ்வொரு ரேடியோவுக்குப் பக்கத்திலும் இருக்கும்.

பிப்ரவரி மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் டென்சில் கிளம்பும்போது வெறும் தூறல். பத்து மணிக்கு இடி இடித்தது. பதினோரு மணிக்குள் தூறல் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாய் உறைய ஆரம்பித்துவிட்டது. பள்ளத்தில்தான் அந்தக் குளிர் தங்கியது. மலை உச்சியில் கொஞ்சம் வெதுவெதுப்பு, அங்கே வெறும் மழை. மேலே இருந்தவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாது. மரக்கிளைகள் பாரம் தாங்காமல் துப்பாக்கி வெடிப்பதுபோல் முறிந்துகொண்டிருந்தன. பன்னிரண்டுக்கு முன்னால் கரண்ட் போயிற்று, கூடவே போனும். ரோட்டைப் பார்த்துவிட்டு, வேலையை நிறுத்தியிருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் வீட்டுக்கு மேலே இரண்டாவது மைல் வளைவில் க்ளெல்லின் காலி லாரி வழுக்கி, ரோட்டை அடைத்துக் குறுக்கே கிடந்தது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் ஓடைவரை இருநூறடி. நான் ஏறிப்போய்ப் பார்க்கும்போது க்ளெல் நெற்றியில் ரத்தத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வேறு ஒன்றும் இல்லை. ஆனால் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன் ஓபலு, மேல யாருக்கும் கேக்கல. கெளுத்தியும் பதில் சொல்லல. மோர்க்காரன் லோடு ஏத்தி முடிச்சிருப்பான். ஒண்ணரைக்குச் சாப்பிட்டுட்டு இறங்குவான்."

மோர்க்காரன் என் டென்சில். ஆறாவது மைலுக்குக் கீழே இறக்கம் செங்குத்து. நாற்பது டன் கரியோடு அந்தக் கண்ணாடியில் இறங்கினால் பிரேக் போட்டும் போடாததும் ஒன்றுதான். வளைவு திரும்பும்வரை க்ளெல்லின் லாரி கண்ணில் படாது. பட்ட பிறகு டென்சிலால் ஒன்றும் செய்ய முடியாது.

ஹோபர்ட் வீடு எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு அடி மேடு. நடக்க முடியவில்லை. நாலு காலில் போனேன், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தேய. கதவைத் தட்டவில்லை, மோதினேன். ஹோபர்ட் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பனியில் எவனும் ஓட்ட மாட்டான் என்று அவரும் நினைத்துவிட்டார். சொன்னேன். அந்த மனுஷன் கைத்தடியைக்கூட எடுக்காமல் மேஜைக்குத் தாவினார். பாட்டரி ஒயரை மாட்டினார், ரேடியோ போட்டார், பெட்டியைப் போட்டார். நான் பின்னால் நின்றுகொண்டு பேசுங்கள் பேசுங்கள் என்று கத்திக்கொண்டே இருந்தேன். அவர் மைக்கை அமுக்கினார்.

பட் என்று ஒரு சத்தம், சோளப்பொரி ஒன்று பொரிகிற அளவுக்குத்தான். பிறகு கருகல் வாசனை. டிரான்சிஸ்டர் பெட்டியின் விளக்கு அணைந்தது. ஹோபர்ட்டும் வெர்டாவும் நானும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தோம். பத்து மணி இடிக்குக் கழற்றிய கேபிளின் நுனி இன்னும் ஊறுகாய் ஜாடிக்குள் கிடந்தது.

ஆறு வருஷமாக ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொன்ன மனுஷன். பக்கத்தில் நின்று அவசரப்படுத்தியது நான். அவர் கேபிளை எடுத்து வெறும் ரேடியோவில் மாட்டி, நாலு வாட்டில் கூப்பிட்டுப் பார்த்தார். மோர்க்காரா, மோர்க்காரா, இறங்காதே என்று ஏழெட்டுத் தடவை. பதில் இல்லை. சுவரில் இருந்த கரண்டு கடிகாரம் பதினொன்று நாற்பத்தாறிலேயே நின்றிருந்தது. வெர்டா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒன்று பன்னிரண்டு என்றாள். சொல்லிக்கொண்டே சாமான் அறைக்குப் போனாள். உருளைக்கிழங்கு மூட்டை தரையில் விழுந்து கிழங்கெல்லாம் உருண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. வால்வுப் பெட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள்.

ஹோபர்ட் அதைப் பார்த்துவிட்டு, "கரண்ட் வேணுமே வெர்டா" என்றார். எனக்கு அந்தக் குரலைக் கேட்கவே பயமாக இருந்தது.

கரண்ட் எங்கள் கொட்டகையில் இருந்தது. டென்சில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்டிங் வேலை செய்வார். எஞ்சின் வைத்த வெல்டிங் மிஷின், பிக்கப் வண்டியின் பின்னாலேயே கட்டியிருக்கும். அதன் பக்கவாட்டில் விளக்கு மாட்ட ஒரு பிளக் உண்டு. நான் மேட்டிலிருந்து உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். பாவாடை கிழிந்தது, போகட்டும். ரோட்டில் ஏற்ற முடியாது என்று வேலியை முட்டித் தள்ளி, பசு மேய்கிற புல்வெளி வழியே ஓட்டினேன். புல்லில் கொஞ்சம் பிடிமானம் இருந்தது. இரண்டு தடவை வண்டி பக்கவாட்டில் போயிற்று. டென்சில் பார்த்திருந்தால் இனி என் கையில் சாவியே கொடுத்திருக்க மாட்டார்.

மிஷினின் எஞ்சின், கயிற்றை இழுத்து ஐந்தாவது தடவையில் பிடித்தது. ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே விட்டோம். கேபிளை மறக்காமல் மாட்டிவிட்டு, பெட்டியைப் போட்டார் ஹோபர்ட். இனிமேல்தான் கொடுமை. வால்வு சூடேற வேண்டும். ஒன்று இருபத்துநாலு. தகர ஓட்டைக்குள் நாலு வால்வும் இருட்டாய் இருந்தன. கும்பிடாத குறைதான். நூல் மாதிரி ஒரு சிவப்பு, பிறகு ஆரஞ்சு. பெற்ற பிள்ளை முகத்தைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. ஒன்று இருபத்தாறு. அவர் மைக்கை அமுக்கிப் பார்த்தார், முள் நேரே சிவப்புக்குப் போயிற்று.

ஏரியல் முழுக்க ஐஸ் என்றார். டிரான்சிஸ்டர் பெட்டி உயிரோடு இருந்திருந்தாலும் இந்த இடத்தில் செத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு திருகையும் பிடித்தார். கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே. முள் இறங்கியது, முழுசாக இல்லை, ஆனால் இறங்கியது. வால்வுகள் ரத்தச் சிவப்பாய் எரிந்தன. பெட்டிக்குள் ஏதோ ரீங்கரித்தது.

"மோர்க்காரா, கெளுத்தி பேசறேன். ரெண்டுல ரோடு அடைஞ்சு கெடக்கு. கீழ பூரா ஐஸு. எங்க இருக்கியோ அங்கயே நில்லு. இறங்காத. இறங்காதடா."

கையை எடுத்தார். ரேடியோவில் வெறும் கரகரப்பு. வெளியே ஓடுகிற எஞ்சின் ரேடியோவுக்குள் புகுந்து எண்ணெய்ச் சட்டி மாதிரிப் பொரிந்துகொண்டிருந்தது. அமைதியான அறை என்றேனே, அது அன்றைக்கு இல்லை. எஞ்சினை நிறுத்தினால் பதில் கேட்கும், ஆனால் வால்வு ஆறிவிடும். ஓட விட்டால் பேசலாம், எதுவும் கேட்காது. ஹோபர்ட் பேசிக்கொண்டே இருக்கத் தீர்மானித்தார். அதே வார்த்தைகளை மூன்று தடவை, நாலு தடவை. அப்புறம் ஒரு யோசனை வந்து, கேட்டால் மைக்கை இரண்டு தடவை அமுக்கு என்றார். மைக்கை அமுக்கினால் பேச்சு புரியாவிட்டாலும் இரைச்சல் ஒரு கணம் அமுங்கும்.

காத்திருந்தோம். பொரிந்துகொண்டே இருந்தது. பிறகு சட்டென்று அமுங்கியது. விட்டது. மறுபடி அமுங்கியது.

வெர்டா என் தோளைப் பிடித்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெரிய ரோட்டில் போகிற வழிப்போக்கன் எவனாவது விளையாட்டுக்கு அமுக்கினாலும் இப்படித்தான் இருக்கும். அங்கே அந்த மாதிரி வேலையற்றவர்கள் நிறைய. ஹோபர்ட் முகத்திலும் அதே சந்தேகம். ஒன்று முப்பத்துநாலு. நான் மைக்குக்குக் கையை நீட்டினேன். ஆறு வருஷமாக அந்தச் சனியனைத் தொட மாட்டேன் என்று சபதம் போட்டிருந்தவள். எந்தப் பெயரில் பேசுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"டென்சிலு, ஏய்யா, நான்தான் ஓபலு. அது நீதானா? நீதான்னா, வண்டிய நிறுத்திட்டன்னா, இன்னைக்கு நான் எத்தன துண்டு சோள ரொட்டி கட்டிக் குடுத்தேனோ அத்தன தடவ அமுக்கு."

கையை எடுத்தேன். எடுக்கவே வரவில்லை, வெர்டாதான் என் கட்டை விரலை விலக்கினாள். இரைச்சல் அமுங்கியது. ஒன்று. அமுங்கியது. இரண்டு. மூன்று. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்போது இன்னொரு தடவை அமுங்கியது. நாலு. அதற்குப் பிறகு வெறும் பொரிச்சல்.

"நாலு. சரிதானே?" என்றார் ஹோபர்ட்.

 மூன்றுதான் கட்டிக் கொடுத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எங்கோ இருந்தது.  ஹோபர்ட் மைக்கை மேஜையில் வைத்துவிட்டார். நான் அந்த மூன்று துண்டையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்துப் பார்த்தேன். விடிகாலை, காகிதத்தில் சுற்றி, மோர் ஜாடி பக்கத்தில், டப்பாவை மூடி. அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கென்று ஒரு துண்டை அடுப்புமேல் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தேன். ஏழு மணிக்குப் பார்த்தால் தட்டு இருந்தது, துண்டு இல்லை. நாயை நாலு வார்த்தை திட்டி, தூறலில் வெளியே துரத்தியிருந்தேன்.

"நாலாவது என்னோடது," என்றேன். "என்னோடத எடுத்துக்கிட்டுப் போயிருக்கான், திருட்டுப் பய."

சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. தரையில், உருண்டு வந்த உருளைக்கிழங்குகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். வெர்டாவும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹோபர்ட் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது, ஒடிந்த முதுகு, வலித்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்து, மோர்க்காரா, நாலும் சரிதான், வண்டியை அங்கேயே விட்டுட்டு நடந்து வா என்று எப்போதும்போல் சாதாரணக் குரலில் சொன்னார்.

அப்புறம் அந்த வால்வா டிரான்சிஸ்டரா பேச்சு நிற்கவில்லை. நிற்குமா? க்ளெல் தன் கட்சி ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். டென்சிலோ, கேபிளை ஜாடிக்குள் போட்டுவிட்டுப் பெட்டியைக் குறை சொல்வது என்ன நியாயம், கரண்ட் போன ஊரில் வால்வு என்ன கிழித்தது, ஓபல் மிஷினைக் கொண்டு வராமல் இருந்தால் தெரிந்திருக்கும் என்றார். அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கத்தான் செய்தது. ஹோபர்ட் வாதம் செய்யவில்லை. செத்த டிரான்சிஸ்டர் பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, வால்வுப் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்தார். பொறுத்துப் போகிறவன்தான் எனக்குச் சரிப்படும், நான் மறதிக்காரன் என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். ஏப்ரலில் தபாலில் அவருக்கு நாலு புது வால்வு வந்தது. எழுதி வரவழைத்தது நான். அதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று வெர்டாவிடம் சொல்லியிருந்தேன், அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு டென்சில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ரோட்டில் கால் வைக்க முடியாமல் மரங்களைப் பிடித்துப் பிடித்து ஐந்து மைலுக்கு மேல் நடந்திருக்கிறார். தொப்பியில் ஐஸ், கையில் சாப்பாட்டு டப்பா. நான் மத்தியானத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த திட்டு நிறைய இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் கதவுக்குள் நின்றபடியே சொன்னார்: எட்டாவது பலகையைத் தாண்டிவிட்டாராம், ஏழு கண்ணில் பட்டதாம், அப்போதுதான் கெளுத்தியின் குரல் வந்ததாம். இன்னும் ஒரு மைல் இறங்கியிருந்தால் அந்த இறக்கத்தில் நிறுத்தவே முடிந்திருக்காதாம்.

மூணுன்னே அமுக்கியிருக்கலாமே, நான் அரை நிமிஷம் செத்துப் பிழைத்தேன் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். "திருடினத மறைச்சு மூணோட நிறுத்தத்தான் பாத்தேன்," என்றார். "உன் குரல் அப்படி நடுங்குச்சு. அந்தக் குரலுக்குப் பொய் சொல்ல எனக்குக் கை வரல ஓபலு."

நான் அவருடைய ஈரச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் அழுதேன்.